'அத்தை ஏன் இப்படிப் பேசுறாங்க?' - ஒரு மாத்திரைப் பை சொன்ன பதில்!

அருப்புக்கோட்டையிலிருந்து மதுரைக்குச் சுமார் 50 கிலோமீட்டர். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு குட்டித்தூக்கம் போட்டால் ஊர் வந்துவிடும். ஆனால், ஓய்வுபெற்ற அந்தத் தமிழாசிரியைக்கு அது ஒரு போர். மறுநாள் காலையில் மதுரை போக வேண்டும் என்றால், முதல் நாள் சாயங்காலத்தோடு தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார். காலையில் காபி கிடையாது. பஸ் ஏறுவதற்கு முன் இரண்டு முறை பாத்ரூம். அப்படியும் பாதி வழியில் அடிவயிறு முட்டும். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சில நாள்களில் பல்லைக் கடித்தும் பலன் இருக்காது.

வயது 66. முப்பது வருடங்களுக்கு மேல் பிள்ளைகளுக்கு இலக்கணம் சொல்லிக்கொடுத்தவர். கணவர் அரசு பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்றவர். எந்த ஊர் பஸ் ஸ்டாண்டில் எந்தப் பக்கம் கழிப்பறை இருக்கிறது என்பது அவருக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனால், மனைவிக்கு அந்தத் தகவல்தான் உலகத்திலேயே முக்கியம் என்பது அவருக்கு இரண்டு வருடங்களாகத் தெரியாது. பெயரும் தெருவும் வேண்டாம் என்பது மட்டும்தான் அந்தக் குடும்பத்தின் வேண்டுகோள்.

முதலில் கல்யாண வீடுகளுக்குப் போவது நின்றது. பிறகு கோயில். பிறகு தங்கை வீடு. கேட்டவர்களிடம் எல்லாம் 'முழங்கால் வலி' என்று சொல்லிவைத்தார். முழங்கால் நன்றாகத்தான் இருந்தது.

விஷயத்தைக் கண்டுபிடித்தது மருமகள். ஒரே நாளில் கொடியில் மூன்று சேலைகள் காய்ந்தன. வாரத்தில் இரண்டு முறை படுக்கை விரிப்பு அலசப்பட்டது, அதுவும் விடியற்காலை நாலரை மணிக்கு, யாரும் எழுந்திருப்பதற்கு முன். நேரடியாகக் கேட்க மருமகளுக்குக் கூச்சம். ஒரு மத்தியானம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது மெதுவாக ஆரம்பித்தார்.

"அத்தை, எங்கம்மாவுக்கு இருமினாலே கொஞ்சம் நீர் போயிரும். உங்களுக்கும் அப்படி ஏதும் இருக்கா?"

"இருமினா இல்ல தாயி... வருதுன்னு தோணுனா அடுத்த நிமிஷம் நிக்க மாட்டேங்குது. பைப்பைத் தொறந்தாக்கூட வந்துருது. வயசானா இதெல்லாம் இருக்கத்தான் செய்யும். உங்க மாமாகிட்ட சொல்லிறாத."

அன்று ராத்திரியே மாமாவிடம் சொல்லியாகிவிட்டது. அவர் சூடு என்றார். வெந்தயம் ஊறவைத்தார்கள், மோர் குடிக்கவைத்தார்கள், தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்தார்கள். இரண்டு வாரம் போனது. சேலைகள் காய்வது குறையவில்லை. அதற்குப் பிறகுதான் மதுரையில் ஒரு சிறுநீரகவியல் டாக்டர்.

டாக்டர் உடனே மாத்திரை எழுதவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். முதலில் சிறுநீர்ப் பரிசோதனை. கிருமித்தொற்று இருந்தாலும் இதே அவசரம், இதே கடுப்பு வரும். அதற்கு மருந்து வேறு. இன்றைக்கும் பலர் மெடிக்கல் ஷாப்பில் 'நீர்க்கடுப்புக்கு ஒரு மாத்திரை குடுங்க தம்பி' என்று கேட்டு, ஃபிளாவாக்ஸேட் மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள். அது இறுக்கத்தைக் கொஞ்சம் தணிக்கும், கிருமியை ஒன்றும் செய்யாது. வலி குறைந்ததால் நோய் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டிருக்கும் நேரத்தில், தொற்று சிறுநீரகம் வரை ஏறிவிடலாம்.

அடுத்தது சர்க்கரைப் பரிசோதனை. பிறகு ஒரு ஸ்கேன். சிறுநீர் கழித்த பிறகு பையில் எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்று பார்ப்பதற்கான ஸ்கேன் அது. பை சரியாகக் காலியாகாதவருக்கு, அதைத் தளர்த்தும் மருந்தைக் கொடுத்தால் சிறுநீர் மொத்தமாக அடைத்துக்கொள்ளும். ஆசிரியைக்கு மிச்சம் மிகக் குறைவாகவே இருந்தது.

அதோடு ஒரு வீட்டுப்பாடம். மூன்று நாளைக்கு, எப்போது என்ன குடித்தார், எப்போது போனார், எவ்வளவு போனது என்று எழுதிவர வேண்டும். பேரனின் பழைய நோட்டில் கட்டம் போட்டு, ஒரு பிளாஸ்டிக் அளவு ஜாடியை பாத்ரூமில் வைத்து, மூன்று நாளும் ஒன்றுவிடாமல் குறித்துக்கொண்டு போனார். டீச்சர் ஆயிற்றே! பகலில் 13 முறை, ராத்திரியில் 4 முறை. ஒரு தடவைக்கு 100 மில்லிகூட இல்லை. நல்ல நிலையில் இருக்கும் சிறுநீர்ப்பை 400 முதல் 500 மில்லி வரை தாங்கும். பகலில் ஏழெட்டு முறை போவது சாதாரணம்.

"பை நிறையறதுக்கு முன்னாடியே தசை தானா சுருங்குது. நீங்க 'பொறு'ன்னு சொல்றது அதுக்குக் கேக்கல. அவ்வளவுதான்" என்றார் டாக்டர். அந்த 'அவ்வளவுதான்' கேட்டு ஆசிரியைக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டு வருடங்களாக உள்ளுக்குள் அவர் கற்பனை செய்துவைத்திருந்த நோய் வேறு.

சிறுநீர்ப்பை என்பது ஒரு தசைப் பை. நரம்பின் நுனியிலிருந்து அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் வந்து தசையின் கதவைத் தட்டினால் அது சுருங்கும். அந்தக் கதவை அடைத்துவைக்கும் மருந்துகள்தான் ஆக்ஸிபியூட்டினின், டால்டெரோடின், சோலிஃபெனாசின், டாரிஃபெனாசின் எல்லாம். ஆசிரியைக்கு எழுதப்பட்டது ஆக்ஸிபியூட்டினின். அமெரிக்காவில் 1975-லேயே அனுமதி பெற்ற பழைய மருந்து. விலை குறைவு. 2.5 மில்லிகிராம், காலையும் இரவும்.

எழுதுவதற்கு முன் டாக்டர் சில கேள்விகள் கேட்டார். கண்ணில் பிரஷர் என்று யாராவது சொல்லியிருக்கிறார்களா? குறுகிய கோண வகை கிளாக்கோமா இருப்பவர்களுக்கு இந்த மருந்து கண் அழுத்தத்தைத் திடீரென்று ஏற்றிவிடும். குடலில் அடைப்பு, தீராத மலச்சிக்கல் உண்டா? மயஸ்தீனியா கிராவிஸ் என்ற தசை பலவீன நோய் உண்டா? பிரஷருக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறாரா? சர்க்கரைக்கு டாபாக்ளிஃப்ளோசின் மாதிரி மாத்திரை உண்டா? அந்தக் கடைசிக் கேள்வி இப்போது நம் ஊரில் நிறைய பேருக்குப் பொருந்தும். அந்த வகை மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுபவை. அதைச் சாப்பிட ஆரம்பித்த பிறகு அடிக்கடி போகிறது என்றால், முதலில் பேச வேண்டியது அந்த மாத்திரையைப் பற்றித்தான்.

ஆசிரியைக்கு இவை எதுவும் இல்லை. அம்லோடிபின் மட்டும், பிரஷருக்கு.

முதல் பத்து நாள் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. வாய் மட்டும் காய்ந்தது. "இது என்ன மருந்து, எச்சில்கூட ஊற மாட்டேங்குது" என்று நிறுத்தப் பார்த்தார். மருமகள் டாக்டருக்கு போன் போட்டார். முழுப் பலன் தெரிய நான்கு வாரங்களாவது ஆகும், வாய் காய்ந்தால் சர்க்கரை இல்லாத மிட்டாய் ஒன்றை வாயில் ஒதுக்கிக்கொள்ளலாம், வாயை அடிக்கடி நனைத்துக்கொள்ளலாம் என்று பதில் வந்தது. எச்சில் குறைந்தால் பல் சொத்தையாகும் என்பதால் ராத்திரியும் பல் தேய்க்கச் சொன்னார். ஒரு நாள் காலை மாத்திரையை மறந்துவிட்டு, "ராத்திரி ரெண்டாச் சேத்துப் போட்டுக்கவா?" என்று கேட்டார் ஆசிரியை. கூடாது. அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டதை விட்டுவிட வேண்டியதுதான்.

நான்காவது வாரம், ராத்திரியில் தொடர்ந்து நாலரை மணி நேரம் தூங்கினார். எழுந்ததும் கடிகாரத்தில் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று நினைத்தாராம். மறு பரிசோதனையில் மருந்து 5 மில்லிகிராமாகக் கூட்டப்பட்டது. தங்கை வீட்டுக்குப் போய் இரண்டு நாள் தங்கிவிட்டு வந்தார்.

மாத்திரை நன்றாக வேலை செய்கிறது என்றால் நம் தெருக்களில் அது ரகசியமாக இருக்காது. பக்கத்து வீட்டு அம்மா வந்து நின்றார். "எங்க வீட்டுக்காரருக்கும் இதே தொந்தரவுதான் டீச்சர். நின்னு நின்னு போகுது, ராத்திரி நாலஞ்சு தரம் எந்திரிக்கிறாரு. ஒரு அட்டை குடுங்க, வாங்கித் தந்துர்றேன்." ஆசிரியை எடுத்துக்கொடுக்கத்தான் போனார். மருமகள்தான் தடுத்தார். அந்த மாமாவுக்கு 70 வயது. நின்று நின்று, மெல்லிசாகப் போகிறது என்றால் புராஸ்டேட் வீக்கமாக இருக்கலாம். குழாய் ஏற்கெனவே நெருக்கப்பட்டிருக்கும்போது, தள்ளிக்கொண்டிருக்கும் தசையையும் மாத்திரை போட்டுத் தளர்த்தினால் என்ன ஆகும்? சிறுநீர் சுத்தமாக நின்று, நடுராத்திரியில் ஆஸ்பத்திரிக்கு ஓடிக் குழாய் போட வேண்டியதுதான். பக்கத்து வீட்டு அம்மா முகத்தைத் தூக்கிக்கொண்டு போனார். ஒரு வாரம் பேச்சு இல்லை. ஒரு வாரப் பேச்சுதானே, போகட்டும்.

இனிமேல்தான் விஷயமே இருக்கிறது.

ஏப்ரல் கடைசியில் ஆசிரியைக்கு ஜலதோஷம். மெடிக்கல் ஷாப்பில் சளி மாத்திரை வாங்கிவந்தார் கணவர். எல்லா வீட்டிலும் நடப்பதுதான். இன்னொரு பக்கம், ஆக்ஸிபியூட்டினின் சாப்பிட ஆரம்பித்ததிலிருந்து மலச்சிக்கல். வயிற்றைப் பிடித்துப் பிடித்து இழுத்தது. அதற்கும் அதே கடையில் ஒரு வயிற்றுவலி மாத்திரை. மே மாதம் பிறந்தது, கத்திரி வெயில் தொடங்கியது. விருதுநகர் மாவட்டத்து வெயிலைப் பற்றி அந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

முதலில் சின்னச் சின்னதாக. அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலில் போய் உட்கார்ந்தார். பேரனை மகனின் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். எல்லோரும் சிரித்தார்கள். மூன்றாவது நாள் சாயங்காலம் பேப்பரை எடுத்தவர், எழுத்தெல்லாம் மங்கலாகத் தெரிகிறது என்று மடித்துவைத்துவிட்டார். நான்காவது நாள் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து, சேலை மாற்றி, தலை வாரி, கைப்பையை எடுத்துக்கொண்டு வாசற்கதவின் தாழ்ப்பாளைத் தடவிக்கொண்டிருந்தார்.

"எங்க அத்தை போறீங்க?"

"மணி அடிச்சிருவாங்க. பத்தாங்கிளாஸுக்கு ஃபர்ஸ்ட் பீரியட். நீ யாரு, சத்துணவு ஆயா மகளா?"

மருமகளுக்குக் கை கால் நடுங்கியது. மாமா எழுந்து வந்து, மனைவியின் கையைப் பிடித்து, "இன்னைக்கு லீவு விட்டுட்டாங்க, வா" என்று கூட்டிப்போய்ப் படுக்கவைத்தார். விடியும் வரை அவர் தூங்கவில்லை. ஆசிரியையின் உடம்பு தொட்டால் சுட்டது. ஆனால், அந்தப் புழுக்கத்தில் ஒரு சொட்டு வியர்வை இல்லை.

காலையில் சென்னையிலிருக்கும் மகனுக்கு போன். "மறதி நோயா இருக்கும்மா, அப்பாயியும் கடைசியில இப்படித்தான இருந்தாங்க? மூளை நரம்பு டாக்டர் யாராவது நல்லவங்களா விசாரிக்கிறேன்" என்றார் அவர். வீட்டில் அழுகை. ஆளாளுக்கு எதிர்காலத்தைக் கணக்குப்போட ஆரம்பித்துவிட்டார்கள். யார் பார்த்துக்கொள்வது, கதவுக்கு வெளியில் பூட்டா உள்ளே பூட்டா, சென்னைக்குக் கூட்டிப்போவதா...

மருமகளுக்கு மட்டும் ஒரு கணக்கு இடித்தது. ஒரு வாரத்துக்கு முன்புவரை பேரனுக்கு வெண்பா அலகிட்டுக் காட்டிக்கொண்டிருந்தவர். மறதி நோய் நாலு நாளில் வருமா? வீட்டிலிருந்த அத்தனை மாத்திரைகளையும், பாதி தீர்ந்த அட்டைகள், தைலம், சிரப் பாட்டில் உட்பட ஒரு மஞ்சப்பையில் கொட்டினார். காரைப் பிடித்து, ஜன்னல்களைத் திறந்துவிட்டு, ஈரத்துணியால் அத்தையின் உடம்பைத் துடைத்துக்கொண்டே மதுரைக்குக் கூட்டிப்போனார்.

அவசர சிகிச்சைப் பிரிவில் முதலில் உடம்பைக் குளிரவைத்து, டிரிப்ஸ் ஏற்றினார்கள். ரத்தத்தில் உப்பு அளவு, சர்க்கரை, கிருமித்தொற்று எல்லாம் பார்த்தார்கள். வயதானவர்கள் திடீரென்று குழம்பிப் பேசினால் இவை எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டும். மத்தியானம் டாக்டர் வந்து மஞ்சப்பையை மேஜையில் கொட்டினார். மூன்று அட்டைகளைத் தனியாக எடுத்துவைத்தார்.

ஒன்று, அவரே எழுதிக்கொடுத்த ஆக்ஸிபியூட்டினின். இரண்டாவது, சளி மாத்திரை. அதில் குளோர்பெனிரமைன் இருந்தது. நம் ஊர் சளி மாத்திரைகள் பலவற்றில் இருக்கும் மருந்து. மூக்கு ஒழுகுவதை நிறுத்தும், தூக்கமும் வரவைக்கும். மூன்றாவது, வயிற்றுவலி மாத்திரை. அதில் டைசைக்ளோமின்.

மூன்றும் மூன்று வியாதிக்கு. ஆனால், மூன்றும் அடைப்பது ஒரே கதவை. அசிட்டைல்கோலின் தட்டும் கதவு சிறுநீர்ப்பையில் மட்டும் இல்லை. எச்சில் சுரப்பியில் இருக்கிறது, அதனால்தான் வாய் காய்கிறது. குடலில் இருக்கிறது, அதனால் மலச்சிக்கல். கண்ணில் இருக்கிறது, எழுத்து மங்குகிறது. வியர்வைச் சுரப்பியிலும் இருக்கிறது. வியர்க்காத உடம்பு கத்திரி வெயிலில் எப்படித் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும்? மூளையிலும் இருக்கிறது. நினைவுக்கும் கவனத்துக்கும் அந்த வேதிப்பொருள் வேண்டும். ஒரு மாத்திரையைத் தாங்கிக்கொண்டிருந்த உடம்பு, மூன்று சேர்ந்ததும், வெயிலும் சேர்ந்ததும் கைவிட்டுவிட்டது.

இதில் கொடுமை, வயிற்றுவலி மாத்திரை. முதல் மாத்திரை உண்டாக்கிய மலச்சிக்கலால் வந்த வலிக்கு, குடலை இன்னும் மந்தமாக்கும் மாத்திரையைப் போட்டிருக்கிறார்கள். ஒரு மருந்தின் பக்கவிளைவைப் புது நோய் என்று நினைத்து இன்னொரு மருந்து, அதற்கு இன்னொன்று. முதியவர்கள் இருக்கும் வீடுகளில் மாத்திரை டப்பா இப்படித்தான் நிறைகிறது. மறதி நோய்க்குக் கொடுக்கப்படும் டோனெபெசில், சிலருக்குச் சிறுநீர் அவசரத்தை உண்டாக்கும். அதை நிறுத்த ஆக்ஸிபியூட்டினின் போன்ற மருந்தைக் கொடுத்தால், ஒன்று செய்வதை இன்னொன்று அழித்துக்கொண்டிருக்கும்.

மூன்று மாத்திரைகளும் நிறுத்தப்பட்டன. இரண்டாம் நாள் காலை, பக்கத்து படுக்கைப் பெண்ணின் சாப்பாட்டுச் சீட்டில் 'இட்லி' என்பதற்கு ஒற்று தப்பாகப் போட்டிருப்பதைச் சொன்னார் ஆசிரியை. மாமா அன்றைக்குத்தான் வாய்விட்டு அழுதார். ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்தார்கள்.

எல்லோருக்கும் இப்படி முடியும் என்று சொல்ல முடியாது. நீண்ட காலம், அதிக அளவில் இந்த வகை மருந்துகளைச் சாப்பிட்டவர்களைப் பற்றிய ஆய்வுகள் கவலை தருகின்றன. 2015-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, 65 வயதைத் தாண்டிய 3,434 பேரைச் சராசரியாக 7 ஆண்டுகளுக்கு மேல் கவனித்தது. மருந்தின் மொத்த அளவு கூடக் கூட, மறதி நோய் வந்தவர்களின் விகிதமும் கூடியிருந்தது. 2019-ல் இங்கிலாந்தில் மறதி நோய் வந்த சுமார் 58,000 பேரின் பழைய மருந்துச் சீட்டுகளை ஆராய்ந்தபோதும், சிறுநீர்ப்பைக்கான இந்த வகை மருந்துகளோடு அதே தொடர்பு தெரிந்தது. மருந்துதான் நோயை உண்டாக்கியது என்று இவை நிரூபித்துவிடவில்லை. தொடர்பு இருக்கிறது என்றுதான் சொல்கின்றன. ஆனாலும், திடீரென்று உடல்நிலை சரியக்கூடிய முதிய பெண்களுக்குச் சாதாரண ஆக்ஸிபியூட்டினின் கொடுக்க வேண்டாம் என்று இங்கிலாந்தின் 'நைஸ்' மருத்துவ வழிகாட்டுதல் சொல்கிறது. இதைப் படித்துவிட்டு வீட்டில் பெரியவர்கள் சாப்பிடும் மாத்திரையை இன்றே தூக்கிப்போடத் தேவையில்லை. அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது, 'இது இன்னும் எத்தனை நாளைக்கு, வேற மாத்திரை இருக்கா?' என்று கேட்கலாம். கேட்க உரிமை உண்டு.

ஆசிரியையின் குடும்பம் கேட்டது. ஏனென்றால் மாத்திரை நின்றதும் பழைய அவசரம் திரும்பிவிட்டது. இந்த முறை டாக்டர் மாத்திரையோடு பயிற்சியும் சொன்னார். உண்மையில் பயிற்சிதான் முதலில் வந்திருக்க வேண்டியது. அவசரம் வந்ததும் ஓடக் கூடாது. ஓடினால் தசைக்கு இன்னும் தைரியம் வந்துவிடும். இருந்த இடத்தில் உட்கார்ந்து, சிறுநீரை அடக்கும்போது எந்தத் தசையை இறுக்குவோமோ அதை நாலைந்து தடவை இறுக்கி இறுக்கி விட வேண்டும். மூச்சை நிதானமாக இழுத்து விட வேண்டும். அலை போல வந்த அவசரம் கொஞ்சம் இறங்கும். இறங்கிய பிறகு நடந்து போக வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை போகிறவர், முதல் வாரம் கூடுதலாகப் பத்து, பதினைந்து நிமிடம் தள்ளிப்போட வேண்டும். அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம். ஆறு வாரமாவது விடாமல் செய்ய வேண்டும். நாலு வேளை காபி ஒரு வேளையானது, அதுவும் காலையில் மட்டும். தண்ணீரைக் குறைக்கவே கூடாது என்றார் டாக்டர். தண்ணீர் குறைந்தால் சிறுநீர் அடர்த்தியாகிப் பையை இன்னும் எரிச்சலூட்டும், மலச்சிக்கலும் கூடும். மலம் இறுகி நின்றால் அதுவே சிறுநீர்ப்பையை அழுத்தும். படுக்கப்போவதற்கு முன் கடைசி இரண்டு மணி நேரம் மட்டும் குறைத்துக்கொள்ளலாம்.

புது மாத்திரை மிராபெக்ரான். இது அந்தப் பழைய கதவை அடைப்பதில்லை. தசையைத் தளரச்சொல்லும் வேறொரு கதவைத் தட்டுகிறது. அமெரிக்காவில் 2012-ல் அனுமதி பெற்றது. வாய் அவ்வளவாகக் காயாது, குழப்பம் வரும் பயமும் குறைவு. ஆனால், இதற்கும் ஒரு குணம் உண்டு. ரத்த அழுத்தத்தை ஏற்றலாம். பிரஷர் 180/110-க்கு மேல் கட்டுப்படாமல் இருப்பவர்களுக்குக் கொடுக்கக் கூடாது. இதயத்துக்கு மெட்டோபுரோலால், டிஜாக்சின் சாப்பிடுபவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஆசிரியைக்கு 25 மில்லிகிராமில் தொடங்கினார்கள். வீட்டில் பிரஷர் மெஷின் வாங்கி, வாரம் இரண்டு முறை பார்த்து, பழைய அதே நோட்டின் அடுத்த பக்கத்தில் எழுதுகிறார்கள்.

விலை பழைய மாத்திரையைவிடக் கூடுதல். இரண்டாம் நாளே மாமா பாக்குவெட்டியை எடுத்துவிட்டார். மாத்திரையைப் பாதியாக வெட்டி இரண்டு நாளைக்கு ஓட்டலாம் என்பது அவர் திட்டம். நல்லவேளை, மருமகள் பார்த்தார். இது மெதுவாகக் கரைந்து நாள் முழுக்க வேலை செய்யும்படி செய்யப்பட்ட மாத்திரை. வெட்டினாலோ, பொடித்தாலோ, மென்றாலோ அந்த ஏற்பாடு கெட்டு மருந்து ஒரேயடியாக உடம்பில் இறங்கும். அட்டையில் பெயருக்குப் பக்கத்தில் 'இஆர்', 'எக்ஸ்எல்' மாதிரி எழுத்துகள் இருந்தால் அது இந்த வகை. முழுசாகத் தண்ணீரில் விழுங்க வேண்டும். விழுங்க முடியாதவர்கள் டாக்டரிடம் சொன்னால் வேறு வழி சொல்வார்.

சளி மாத்திரையும் இனிமேல் கடையில் கேட்டு வாங்குவதில்லை. பலவற்றில் குளோர்பெனிரமைனோடு ஃபீனைலெஃப்ரினும் சேர்ந்திருக்கும், அதுவும் பிரஷரை ஏற்றும். இப்போது ஜலதோஷம் என்றால் ஆவி பிடித்தல், காய்ச்சல் இருந்தால் வெறும் பாரசிட்டமால். மெடிக்கல் ஷாப் தம்பி ஆரம்பத்தில் கொஞ்சம் சலித்துக்கொண்டான். "டீச்சர், எல்லாரும் வாங்குறதுதான்" என்றான். இப்போது அவனே, "இது உங்களுக்குச் சேராது டீச்சர்" என்று அட்டையைத் திரும்ப உள்ளே வைக்கிறான். அவன் அவரிடம் எட்டாவது படித்தவன்.

சமையலறை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. ஆசிரியையின் கையெழுத்து, சிவப்பு மையில். மேலே அவர் சாப்பிடும் மாத்திரைகளின் பெயரும் அளவும். கீழே, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவை: முட்டியும் சிறுநீர் வராவிட்டால். கண் சிவந்து வலித்து, விளக்கைச் சுற்றி வளையம் தெரிந்தால். உடம்பு சுட்டு, வியர்க்காமல், பேச்சு குழம்பினால். முகமோ நாக்கோ வீங்கினால். வீட்டுக்கு வரும் உறவுக்காரர்கள் அதை போனில் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். பக்கத்து வீட்டு அம்மாவும் எடுத்தார். அவர் வீட்டுக்காரருக்கு ஸ்கேன் எடுத்தாகிவிட்டது. புராஸ்டேட் வீக்கம்தான். அதற்கான மாத்திரை வேறு, சாப்பிடுகிறார்.

இப்போது ஆசிரியைக்குப் பகலில் எட்டு, ஒன்பது முறை. ராத்திரி ஒரு முறை, சில நாள் இரண்டு. முழுசாகச் சரியாகிவிட்டது என்று அவர் சொல்வதில்லை. கைப்பையில் ஒரு மாற்றுச்சேலை இன்னும் இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை மாத்திரை தேவையா, குறைக்கலாமா என்று டாக்டர் பார்க்கிறார். அடுத்த முறை போகும்போது மாமாவின் மாத்திரைப் பையும் கூடவே போகிறது. தூக்கத்துக்கு, நெஞ்சு கரிப்புக்கு, தலைசுற்றலுக்கு என்று அதில் ஒன்பது அட்டைகள் இருக்கின்றன. எது யார் எழுதியது என்று அவருக்கே நினைவில்லை.